‘அளவு நீங்கதானே குடுத்தீங்க?’: ஆர்டர் கொடுத்துத் தைத்த லெதர் ஜாக்கெட்டும் சட்டமும்

கேள்வி: நீண்ட தூரம் பைக் ஓட்டுபவன் நான். ரெடிமேட் ஜாக்கெட் எதுவும் எனக்கு அமைந்ததில்லை. மார்பு சரியாக இருந்தால் கை குட்டையாக இருக்கும். அதனால் ஆன்லைனில் ஒரு தயாரிப்பாளரிடம் அளவு கொடுத்து லெதர் ஜாக்கெட் ஆர்டர் செய்தேன். எனக்குக் கை கொஞ்சம் நீளம் என்பதையும், என் உயரம், எடை, என்ன பைக் என்பதையும் சாட்டில் சொன்னேன். அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து, மனைவி டேப் பிடிக்க, 14 அளவுகள் எடுத்து அனுப்பினேன். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி அவர்கள் கூரியரில் போடுவதற்கு முன். ஏழு வாரம் கழித்து வந்தது. கண்ணாடி முன் நின்றால் கச்சிதம். பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் கை மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறிவிடுகிறது, முழங்கைப் பேடு நழுவுகிறது, முதுகு இழுத்துப் பிடிக்கிறது. கையில் ஓடும் சிவப்புப் பட்டையும் நான் திரையில் பார்த்ததைவிட அடர்த்தி. கேட்டால், “அளவு நீங்கதானே குடுத்தீங்க? கஸ்டம் பீஸ், ரிட்டர்ன் கிடையாது” என்கிறார்கள். கூரியர் செலவை நான் ஏற்றுக்கொண்டு அனுப்பினால், கையில் ஒரு துண்டு சேர்த்துத் தைத்துத் தருவார்களாம். எதை வாங்கினாலும் 14 நாளுக்குள் திருப்பலாம் என்கிறார் நண்பர். ஒரே ஒரு முறை, 40 கிலோமீட்டர் போல, போட்டு ஓட்டியிருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னொன்று: லெவல் 2 பேடு கேட்டுக் கூடுதல் பணம் கட்டியிருந்தேன். உள்ளே இருப்பதில் ‘1’ என்று போட்டிருக்கிறது. இது பெரிய விஷயமா என்று தெரியவில்லை.

பதில்: போகிற போக்கில் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் நான் தொடங்குவேன். அது பெரிய விஷயம்தான்.

பேடை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். பைக் ஓட்டுபவரின் சின்னப் படம், ‘இஎன் 1621-1’ என்ற தர எண், முழங்கை என்பதற்கான ‘ஈ’ எழுத்து, லெவல் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். இந்தத் தரத்தின் சோதனையில் பேடின் மேல் 50 ஜூல் ஆற்றலில் ஓர் எடையைப் போடுவார்கள். அடுத்த பக்கம் போய்ச் சேரும் விசை லெவல் 1 பேடில் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை இருக்கலாம். லெவல் 2 பேடில் 20 வரைதான். விழும்போது உங்கள் முழங்கை வாங்கும் அடியில் அவ்வளவு வித்தியாசம். ஆர்டரில் எழுதிய பொருள் ஒன்று, வந்து சேர்ந்தது வேறு. இதில் அளவு, டேப், யார் பிடித்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. விவரித்தபடி சரக்கு இருக்க வேண்டும் என்பது விற்பனைச் சட்டத்தின் பழைய விதி. பிரிட்டன் 1893-இல் சட்டமாக எழுதியதைத்தான் இலங்கை 1896-இலும் இந்தியா 1930-இலும் மலேசியா 1957-இலும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டன. அதனால் நீங்கள் எந்த ஊரில் இருந்து இதைப் படித்தாலும் அடிப்படை மாறாது.

ஆனால் ஒன்று. விற்பவர் நாளைக்கே இரண்டு லெவல் 2 பேடுகளை அனுப்பி, “சரியாப் போச்சா சார்?” என்று கேட்பார். அவருக்கு அது மலிவான தீர்வு. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் “எல்லாம் சரி” என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். பேடு மாறிப் போனது, ஆர்டர் தாளைப் பார்த்து அவர்கள் தைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ‘நீங்கள் கொடுத்ததைத்தான் தைத்தோம்’ என்ற அவர்களின் வாதத்தில் அது ஓட்டை போடுகிறது.

நண்பர் சொன்ன 14 நாள், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பிரிட்டனிலும் உண்டு. ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். ஆனால் வாங்குபவர் சொன்னபடி செய்யும் பொருளுக்கு அங்கேயே விலக்கு இருக்கிறது. சமையலறை அலமாரிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு மனம் மாறிய ஒருவரின் வழக்கில், வேலையை இன்னும் தொடங்கவே இல்லை என்றாலும் திரும்பப் பெற முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு பொதுவான ‘மனம் மாறினால் திருப்பலாம்’ உரிமை சட்டத்திலேயே இல்லை. எனவே நண்பரின் யோசனையை விட்டுவிடுங்கள்.

சரி, அப்படியானால் ‘கஸ்டம் பீஸ், ரிட்டர்ன் கிடையாது’ என்பது செல்லுமா? மனம் மாறித் திருப்புவதற்குச் செல்லும். குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது விற்பவர்களுக்கு வசதி. சொன்னபடி இருக்க வேண்டும், வாங்கிய வேலைக்கு உதவ வேண்டும் என்ற பொறுப்புகள், பில்லில் அச்சடித்த ஒரு வரியால் கழன்றுவிடாது. இரண்டு வியாபாரிகளுக்குள் வெளிப்படையாகப் பேசி விலக்கிக்கொள்ளலாம். வாங்குபவர் சாதாரண நுகர்வோர் என்றால் நுகர்வோர் சட்டங்கள் குறுக்கே நிற்கும். இந்தியாவின் 2019 சட்டத்தில், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை.

இப்போது அளவு. உங்கள் வழக்கில் சிக்கலான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அளவெடுத்துச் செய்த பொருள் பொருந்தாவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியில் சட்டத்துக்கு வழிகாட்டியது, நம்பினால் நம்புங்கள், பல்செட். 1943-இல் இங்கிலாந்தில் ஒரு பல் மருத்துவர் செய்து கொடுத்த பல்செட் ஓர் அம்மாவின் வாயில் பொருந்தவில்லை. கணவர் பணம் தர மறுத்தார். ‘நான் கவனமாகத்தான் செய்தேன்’ என்றார் மருத்துவர். கவனமாகச் செய்தால் மட்டும் போதாது, அந்த வாய்க்குப் பொருந்த வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இது சரக்கு விற்பனையா, கூலிக்கு வேலை செய்து கொடுத்ததா என்ற விவாதத்துக்குள் போகக்கூடத் தேவையில்லை, இரண்டிலும் பதில் ஒன்றே என்றும் சொன்னது. சாமுவேல்ஸ் எதிர் டேவிஸ் என்பது வழக்கின் பெயர். இந்திய நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. ஆனால் 1930 சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதும் இதே சங்கதிதான்: எதற்காக வாங்குகிறீர்கள் என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும்.

எதிர்ப்பக்கத்து வக்கீல் என்ன எடுத்து வருவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1939-இல் ஒரு பெண்மணி தனக்கென்று ட்வீட் துணியில் கோட் தைத்து வாங்கினார். போட்டதும் தோலில் அழற்சி. வழக்கில் அவர் தோற்றார். அவருடைய சருமம் வழக்கத்துக்கு மாறாக மென்மையானது, அதை அவர் தையல்காரரிடம் சொல்லவில்லை. நீங்களோ கை நீளம் என்பதை முன்பே சாட்டில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரி உங்களைக் கோட்டுக்காரப் பெண்மணியின் நிலையிலிருந்து காப்பாற்றுகிறது. சாட்டை இன்றே பேக்கப் எடுங்கள், போனை மாற்றும்போது தொலைந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் பல்செட் வழக்கில் அச்சு எடுத்தது மருத்துவர். உங்கள் வழக்கில் டேப் பிடித்தது உங்கள் வீட்டில். விற்பவர் நிற்கப்போவது இந்த ஒரே காலில்தான். அது எவ்வளவு உறுதி என்று தெரிய, முதலில் ஜாக்கெட்டை அளக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைக் காணோம்.

ஜிப்பைப் போட்டு, சுருக்கம் இல்லாமல் மேஜையில் விரியுங்கள். ஓர் அக்குள் முதல் மறு அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்கினால் மார்புச் சுற்று. தோள் தையலிலிருந்து கை விளிம்பு வரை கை நீளம். காலருக்குக் கீழே தொடங்கி அடிவிளிம்பு வரை முதுகு நீளம். வேறொருவர் டேப்பைப் பிடிக்கட்டும், எண் தெரியும்படி ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுங்கள். அப்புறம் அந்தப் போட்டோக்களையும் நீங்கள் அனுப்பிய 14 எண்களையும் அருகருகே வையுங்கள். மார்பு அளவு உடம்பைச் சுற்றி எடுத்ததென்றால் ஜாக்கெட் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அந்த லூசு எவ்வளவு என்று தீர்மானித்தது தயாரிப்பாளர். கை நீளம் அப்படியல்ல, நேருக்கு நேர் ஒப்பிடலாம். அரை, ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள், தோல் தையலில் அது சகஜம். அதற்கு மேல் குறைந்திருந்தால் ‘நீங்கதானே குடுத்தீங்க’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

எண் எல்லாம் சரியாகவே இருந்தால்? நின்றால் கச்சிதம், உட்கார்ந்தால் குட்டை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியானால் அவர்கள் அனுப்பிய படத்தை எடுங்கள். கையைத் தொங்கவிட்டு அளக்கச் சொல்கிறதா, முழங்கையை மடக்கியா? மடக்கினால் தோளிலிருந்து மணிக்கட்டு வரையான தூரம் சில சென்டிமீட்டர் கூடும், கையை முன்னால் நீட்டினால் முதுகின் குறுக்கேயும் கூடும். பைக் ஜாக்கெட் தைப்பவருக்கு இது அரிச்சுவடி. அதற்காகத்தான் கையை வளைவாக வெட்டுகிறார்கள், தோளுக்குப் பின்னால் விரிந்து கொடுக்கும் மடிப்பு வைக்கிறார்கள். படத்தில் ‘மடக்கி அள’ என்று இருந்து நீங்கள் நேராக அளந்திருந்தால், தவறு உங்களுடையது. சுற்றி வளைத்துச் சொல்லி உங்களை வழக்குக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. படம் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால் கதை வேறு. பைக் மாடல் வரை கேட்டுத் தெரிந்துகொண்டவர், நின்றபடி எடுத்த எண்ணை உட்கார்ந்து ஓட்டும் ஜாக்கெட்டாக மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் எண்ணைத்தான் கொடுத்தீர்கள், பேட்டர்னை வரைந்தது அவர். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இந்த வாக்கியத்தைத்தான் நோட்டீஸின் முதல் பத்தியில் வைப்பேன்.

“போடப் போட இளகிடும் சார்” என்பார்கள். மார்பும் தோளும் ஓரளவு இளகும். கை நீளாது. முழங்கையில் மடிப்பு விழ விழ இன்னும் கொஞ்சம் மேலேதான் ஏறும்.

பட்டையின் நிறத்தைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். தோல் சாம்பிள் அனுப்பி நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். போன் திரையில் பார்த்த சிவப்பை வைத்து வாதாடினால், நல்ல புகார்களோடு ஒரு சொத்தைப் புகாரும் சேர்ந்து மொத்தத்தையும் மலிவாக்கிவிடும்.

40 கிலோமீட்டர் ஓட்டியது பாதகமில்லை. ஓட்டிப் பார்க்காமல் இந்தக் குறை தெரிய வழியில்லை, வாங்கியவருக்குச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு. ஆனால் இனி போடாதீர்கள். நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டாலோ, சொந்தப் பொருள்போல நடத்தினாலோ ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், இழப்பீடு மட்டும் மிஞ்சும். பிரிட்டனில் உடனடியாக நிராகரிக்க 30 நாள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். தெரிந்த தையல்காரரிடம் கொடுத்துப் பிரிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். தோலில் ஊசி போன ஓட்டை மூடாது, சாட்சியமும் போய்விடும்.

துண்டு சேர்க்கும் யோசனை எனக்கு உவப்பில்லை. கை நீளும், முதுகு இழுப்பது அப்படியே இருக்கும். பேடு உறையையும் முழங்கைக்கு நேராக மாற்றி வைக்காவிட்டால் அது நழுவுவதும் தொடரும். அதோடு, சாலையில் உரசும் இடத்தில் புதிதாக ஒரு தையல். புதிதாகத் தைத்துத் தருவதாகச் சொன்னால் ஏற்பது நல்லது, பல நாடுகளில் மாற்றித் தரவோ சரிசெய்யவோ முதலில் ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வேண்டும். கூரியர் செலவை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. நிராகரித்த சரக்கைத் திருப்பி அனுப்புவது வாங்கியவரின் கடமை அல்ல, நிராகரிப்பதாகத் தெரிவித்தாலே போதும் என்று இந்தியாவின் 1930 விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: “இந்தத் தேதியில் பெற்ற ஜாக்கெட்டை ஏற்கவில்லை. முழங்கைப் பேடு ஆர்டர் செய்த லெவல் 2 அல்ல. நான் கொடுத்த விவரங்கள் அனைத்தும் தெரிந்தும், பைக் ஓட்டும் நிலையில் கையும் முதுகும் பொருந்தாமல், பேடு முழங்கையில் நிற்காமல் தைக்கப்பட்டுள்ளது. அளவுப் போட்டோக்கள் இணைப்பில். 15 நாளுக்குள் உங்கள் செலவில் எடுத்துச் சென்று புதிதாகத் தைத்துத் தருவதையோ, முழுப் பணத்தைத் திருப்பித் தருவதையோ எழுத்தில் உறுதிசெய்யவும்.” மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அதையே சாட்டிலும் போடுங்கள். அதன் பிறகு வாய்ஸ் மெசேஜில் பேரம் பேச வேண்டாம்.

பதில் இல்லையென்றால், இந்தியாவில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்ப்பதும் பலன் தரும். மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயம், சிங்கப்பூரில் சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயம், இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. தயாரிப்பாளர் வேறு நாட்டில் இருந்தால் தீர்ப்பு வாங்குவது எளிது, பணத்தை வாங்குவதுதான் கடினம். கார்டில் கட்டியிருந்தால் ‘விவரித்தபடி பொருள் வரவில்லை’ என்று வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது. அங்கே பல்செட் வழக்கெல்லாம் எடுபடாது. ஆர்டர் தாளில் ‘லெவல் 2’ என்ற வரி, பேடில் ‘1’ என்ற எண், இரண்டு போட்டோ போதும். வங்கிக்கென்று தனிக் கெடு உண்டு, விற்பவரின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.