நாலு குச்சியும் ஒரு காவல்காரரும்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்களும் 'ஒரு பவளக்கன்றைத் தத்தெடுங்கள்' என்கிற திட்டத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவன், "கடலே சூடாகிக்கிட்டிருக்கு, இதுல நாலு குச்சியை நட்டு என்ன ஆகப்போகுது, எல்லாம் போட்டோவுக்குத்தான்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

சி.

அன்புள்ள சி.,

அவர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொண்டே தொடங்குகிறேன். பவளம் நடுவது படம் பிடிக்க ஏற்ற வேலை. உடைந்த கிளைகளை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கயிற்றில் கோத்துக் கடலுக்குள் தொங்கவிடுவார்கள், அதில் படியும் பாசியை மாதக்கணக்கில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுப்பார்கள் (நிஜமாகவே பல் தேய்க்கும் பிரஷ்தான்), தேறியதும் கொண்டுபோய்ப் பாறையில் ஒட்டுவார்கள். சரி, அப்புறம்? உலகம் முழுக்க நடந்த இத்தகைய திட்டங்களை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை ஒன்றரை வருஷம்கூடக் கண்காணிக்கப்படவில்லை என்று தெரிந்தது. பவளம் வளரும் வேகத்துக்கு ஒன்றரை வருஷம் என்பது ஒன்றுமே இல்லை.

சூடு விஷயத்திலும் அவர் பேச்சில் உண்மை உண்டு. பவளத்துக்குச் சோறு போடுவது அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். வெளிறியது உடனே சாவதில்லை, சூடு தணிந்தால் மீளும். தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். 2023 கோடையில் ஃபுளோரிடாவில், கடலுக்குள் வருஷக்கணக்கில் வளர்த்த நாற்றுகளை அவசர அவசரமாக அள்ளிக் கரையிலிருக்கும் தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் உங்கள் நண்பர் ஒன்றைக் கவனிக்கவில்லை. பவளம் தானாகவே விதைத்துக்கொள்கிற உயிர். அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளச் சுத்தமான, ஆடாத, கெட்டியான ஓர் இடம் போதும். அந்த இடத்தைப் பாசி மூடாமல் மேய்ந்து வைப்பவை கிளிமீன் மாதிரியான மீன்களும் கடல் முள்ளெலிகளும்தான் (உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் கடல் உயிர்). 1983-84இல் கரீபியக் கடலில் ஒரு நோய் வந்து நீளமுள் முள்ளெலிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, பல இடங்களில் பாறையின் மேல் பாசி ஏறிக்கொண்டது. ஆக, மீனைக் காப்பாற்றுவதும் பவளம் வளர்ப்பதில்தான் சேர்த்தி. அதைச் செய்ய யாரால் முடியும்? தினமும் அந்தக் கடலில் வலை போடுகிறவர்களால்.

பிலிப்பைன்ஸில் ஆப்போ என்று ஒரு குட்டித் தீவு. வெடி வைத்தும் சயனைடு தெளித்தும் மீன் பிடித்து, பக்கத்துக் கடல் காலியாகிப்போன ஊர். சிலிமான் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா அங்கே போய்ப் பேசிப் பேசிப் பார்த்தார். எல்லோரும் உடனே தலையாட்டிவிடவில்லை. கடைசியில் 1982இல் சில குடும்பங்கள் மட்டும் 450 மீட்டர் நீளக் கரையை ஒட்டிய கடலில் இனி யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தன. கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம், ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், காவல் முடிந்தது. உள்ளே பெருகிய மீன் மெல்ல வெளியே வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தீவு முழுக்க வெடியும் விஷமும் வேண்டாம் என்று விதி வந்தது. எனக்கு இதில் பிடித்தது அந்த வரிசை: முதலில் பலன், பிறகு விதி. அதிகாரி ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டு, "நாளையிலிருந்து இங்கே வராதே" என்று சொன்னால், ராத்திரி படகு வரத்தான் செய்யும்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: 2011, 2012 இரண்டு வருஷமும் அடித்த புயல்களில் அந்தக் காப்பிடத்துப் பவளம் நொறுங்கிப்போனது. காவல்காரரால் புயலைத் தடுக்க முடியாது, சூட்டையும் தடுக்க முடியாது. மேயும் மீன் இருக்கிற கடலில் அடிபட்டது எழுந்திருக்க வழி உண்டு, அவ்வளவுதான் சொல்லலாம்.

அப்படியானால் நடவே வேண்டாமா? வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெடி வைத்த இடத்தில் பவளம் ஜல்லிக்கல்லாக உடைந்து கிடக்கும், ஒவ்வோர் அலைக்கும் உருளும், மேலே ஒட்டிய குஞ்சு நசுங்கிச் சாகும். அங்கே எத்தனை வருஷம் காவலிருந்தாலும் ஒன்றும் முளைக்காது. இந்தோனேசியாவின் சுலாவெசி பக்கம் அப்படிப்பட்ட இடங்களில் மணல் பூசிய ஆறுகால் இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்து அதில் பவளம் கட்டினார்கள். நாலு வருஷத்தில் அது நல்ல பவளப்பாறையின் வேகத்துக்கு வளர்ந்துவிட்டதாக 2024இல் வந்த ஆய்வு சொல்கிறது, ஆனால் கட்டியது கிளைப்பவளம் என்பதால் அதுதான் நிறைய இருக்கிறது, மற்ற வகைகள் குறைவு. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1972இல் ஃபுளோரிடாவில் செயற்கைப் பாறை ஆகட்டும் என்று ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் இறக்கினார்கள். கட்டு அறுந்து, டயர்கள் உருண்டுபோய்ப் பக்கத்திலிருந்த உண்மையான பவளத்தை இடித்தன. அப்புறம் முக்குளிப்பவர்களை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் பணத்துக்கு வருவோம். கன்றுக்கு உங்கள் பெயர் போட்டு அட்டை அனுப்புவார்களா என்பதை விடுங்கள். அந்தக் கடலில் மீன் பிடிக்கிறவர்கள் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்களா, கூலிக்கு மட்டுமா அல்லது முடிவு எடுக்கிற இடத்திலும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே பவளம் அழிந்ததற்கு என்ன காரணம், அந்தக் காரணம் இப்போது நின்றுவிட்டதா என்று கேளுங்கள், சாக்கடை இன்னும் அதே கடலில் விழுந்துகொண்டிருந்தால் நடவு வீண். காவல் படகின் எரிபொருளுக்குப் பணம் வேண்டும் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் கொடுங்கள், அதற்கு யாரும் நன்கொடை தருவதில்லை, படம் நன்றாக வராது பாருங்கள்.

நட்டு மூன்று வருஷமான ஓர் இடத்தின் படம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.