இறக்கைக்கு எந்தத் துணி, எந்தப் பூச்சு?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக வீட்டுக் கராஜில் ‘பீட்டன்பால் ஏர் கேம்பர்’ என்னும் இருவர் அமரும் மரவிமானத்தைக் கட்டி வருகிறேன். இறக்கைகளின் மரவேலை முடிந்துவிட்டது. இனித் துணி போர்த்த வேண்டும். பாலி-ஃபைபர், நீர் கலந்த பூச்சுகளைக் கொண்ட ஸ்டூவர்ட் சிஸ்டம்ஸ், ஜெர்மனியில் தயாராகும் ஓராடெக்ஸ் ஆகிய மூன்று போர்த்தும் முறைகளில் எதை எடுப்பது என்று குழம்பிப்போயிருக்கிறேன். செலவைக் குறைக்க ஒன்றின் பசையையும் இன்னொன்றின் பூச்சையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா? கராஜ் வீட்டோடு ஒட்டியது. எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: நீங்கள் தேடும் விடையில் பாதி உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்று முறைகளிலும் அடிப்படைத் துணி பாலியெஸ்டர்தான். வேறுபடுவது பசையும், துணியின் கண்களை அடைக்கும் பூச்சும், மேல்வண்ணமுமே. ஆகவே எது பளபளக்கும் என்பதைவிட, எதை உங்கள் இடத்தில் ஆபத்தில்லாமல் செய்து முடிக்க முடியும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பாலி-ஃபைபர் முறை 1960களிலிருந்து பழகிவந்தது. அதன் வினைல் பூச்சுகள் வளைந்துகொடுக்கும், தாமாகத் தீயை வளர்க்காது. பல ஆண்டுகள் கழித்து ஓர் இடம் கிழிந்தாலும், கரைப்பானைத் தடவிப் பழைய பூச்சை இளக்கி, மேலே ஒட்டுப் போட்டுவிடலாம். சொந்தக் கொட்டகை உள்ளவர்களுக்கு நான் இதையே தயங்காமல் சொல்வேன். ஆனால் அதன் பசையிலும் பூச்சிலும் மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். பூச்சு காய்ந்து தீ வளர்க்காததாக ஆவது பிறகுதான்; காயும்போது எழும் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். உங்கள் கராஜில் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலன் இருந்தால், அதன் அடியில் எப்போதும் எரியும் சிறு சுடர் ஒன்றே போதும். சுடர் இல்லாவிட்டாலும், சமையலறைக் கதவின் இடுக்கு வழியாக அந்த ஆவி உங்கள் மகள் உறங்கும் அறைவரை வந்துவிடும். வெளியே ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தாலன்றி இந்த முறை உங்களுக்கு வேண்டாம்.

நீர் கலந்த முறையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் ஹூஸ்டனின் கோடைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நீர் மெதுவாகவே ஆவியாகும். ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததைத் தெளித்தால் வண்ணம் வழியும். அக்டோபருக்குப் பிறகு, காற்று உலர்ந்திருக்கும் நாட்களில், மெல்லிய பூச்சாகப் பலமுறை தெளிப்பவர்களுக்கே இது கைகூடும். மேலும், மேல்பூச்சு இரு பாகங்களைக் கலக்கும் பாலியூரித்தேனாக இருந்தால் அதன் கடினமாக்கியில் நுரையீரலுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கும். ‘நீர் கலந்தது’ என்ற சொல்லை மட்டும் நம்பிச் சாதாரண முகமூடியோடு தெளிக்கக் கூடாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் கவசம் வேண்டும்.

ஓராடெக்ஸ் துணி, நிறமும் வெயில் பாதுகாப்பும் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வருகிறது. பசையைத் தடவி, உலரவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டி, பிறகு அதே சூட்டினால் துணியைச் சுருக்கி இறுக்க வேண்டியதுதான். தெளிக்கும் வேலையே கிடையாது. நிறங்கள் குறைவு, துணியின் விலை கூடுதல். ஆனால் தெளிப்புக் கருவி, காற்றுக் கவசம், பூச்சு டப்பாக்கள் ஆகியவற்றின் செலவைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. எடையும் குறையும். பழைய ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை நம்பி வடிவமைக்கப்பட்ட விமானத்தில் வண்ணத்துக்காக ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் மேலேறும் வேகத்தைத் தின்றுவிடும். நீங்கள் இதுவரை ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்காதவர் என்றால், என் தேர்வு ஓராடெக்ஸ்தான்.

கலந்து பயன்படுத்துவதற்கு என் பதில் உறுதியாக ‘கூடாது’ என்பதே. ஒரு முறையின் பசை, அதே முறையின் பூச்சோடும் துணியோடும் பிணையும்படி சோதிக்கப்பட்டது. வேறொன்றின் பூச்சு மேலே நன்றாகத்தான் உட்கார்ந்தது போலத் தெரியும். இரண்டு கோடைகளுக்குப் பின் பொருக்குப் பொருக்காக உரியும். வீட்டில் கட்டும் உங்கள் விமானம் ‘சோதனை’ (experimental) வகையைச் சேர்ந்தது என்பதால் சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் துணி உரிவது தரையிலா வானத்திலா என்று சட்டம் பார்த்துக்கொண்டிருக்காது.

எந்த முறையை எடுத்தாலும், ஒட்டுவதற்கு முன் மரத்தின் மேல் என்ன வார்னிஷ் இருக்கிறது என்று பாருங்கள். நான் முதன்முதலில் ஒட்டிய வால்பகுதியில் கடையில் வாங்கிய சாதாரண வார்னிஷ் பூசியிருந்தேன். பசையின் கரைப்பான் பட்டதும் அது சுருங்கிக் குழைந்து, துணி மரத்தில் ஒட்டாமல் அந்தக் குழம்பில் ஒட்டியது. விரலால் இழுத்தபோது நாடா போலக் கழன்று வந்தது. முழுவதையும் பிரித்து, இரு பாகம் கலக்கும் எபாக்சி வார்னிஷ் பூசி, மறுபடி தொடங்கினேன்.

இஸ்திரிப் பெட்டியின் சக்கரத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் நம்பக் கூடாது. வெப்பமானி வைத்து நீங்களே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாலி-ஃபைபர் முறையில் முதற்சுருக்கம் 250 பாரன்ஹீட்டிலும் கடைசிச் சுருக்கம் 350 பாரன்ஹீட்டிலும் (சுமார் 177 செல்சியஸ்) நடக்கும். அதற்கு மேல் போனால் துணி இறுகுவதற்குப் பதிலாகத் தளர்ந்துவிடும், பிறகு எந்தச் சூட்டிலும் மீளாது. ஓராடெக்ஸுக்கு வேறு அளவுகள் உண்டு. அதன் கையேட்டை மட்டுமே பின்பற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், இரு பக்கமும் மாறி மாறிச் சுருக்குங்கள். இறக்கையின் மெல்லிய பின்விளிம்பு துணியின் இழுப்புக்கு வில்லாக வளைந்துகொடுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே முதலில் வாலிலுள்ள சுக்கானைப் போர்த்திப் பழகிவிட்டு இறக்கைக்கு வாருங்கள்.

இறக்கையின் விலாக்களோடு (அதற்கு வடிவம் தரும் மரச்சட்டங்களோடு) துணியை மெழுகு நூலால் பிணைத்துத் தைப்பதை, பசை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இறக்கையின் மேற்புறத்தில் காற்று துணியை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது இந்தத் தையல்தான். முடிச்சுகளின் இடைவெளி விமானத்தின் உச்ச வேகத்தைப் பொறுத்தது. புரொப்பெல்லரின் காற்று அடிக்கும் பகுதியில் இன்னும் நெருக்கமாகப் போட வேண்டும். அமெரிக்க விமானத்துறையின் ஏசி 43.13-1பி கையேட்டில் இதற்கான வரைபடம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர் விசைத்தறிகளில் பாலியெஸ்டர் நெய்கிறார்கள். அதையே விமானத்துக்குப் போர்த்த முடியாதா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: உடைக்காக விற்கும் பாலியெஸ்டரைச் சாயமிட்டு முடிக்கும்போதே சூட்டில் நிலைப்படுத்திவிடுகிறார்கள். துவைத்தால் சுருங்காமலிருப்பதற்கான ஏற்பாடு அது. விமானத்துக்கோ சுருங்குவதே வேண்டும். அதனால் தறியிலிருந்து வந்த, நிலைப்படுத்தப்படாத துணியையே எடுத்து, அதன் இழுவலிமையைச் சோதித்து, அடையாளம் அச்சிட்டு விற்கிறார்கள். உங்கள் ஊர்த் தறியிலிருந்து அப்படியே வரும் துணியும் சூட்டில் சுருங்கும். ஆனால் ஓர் அங்குல அகலத் துண்டு எத்தனை கிலோ தாங்கும் என்பதை அளந்து சொல்லும் சான்று அதற்கு இல்லை. ஆய்வகத்தில் இழுவலிமை சோதிக்கும் கருவி உங்கள் கல்லூரியில் இருந்தால், விமானத் துணியையும் உங்கள் ஊர்த் துணியையும் துண்டுபோட்டு இழுத்துப் பார்த்து, எனக்கு எழுதுங்கள். ஒரு துண்டை மொட்டைமாடி வெயிலில் ஆறு மாதம் விட்டு, அதையும் இழுத்துப் பாருங்கள். பூச்சு எதற்கு என்று அந்தத் துண்டே காட்டிவிடும்.