மேனேஜ்மென்ட் சீட்டா, பூம் லிஃப்ட்டா?

ஆவடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பையன் பிளஸ் டூவில் கணக்கில் 41 வாங்கியிருக்கிறான். கம்ப்யூட்டர் சயன்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு, நகையை அடகு வைத்தது போக 6 லட்சம் வங்கிக் கடன் போடலாம் என்கிறார் அவன் பெரியப்பா. அவனோ கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் கட்டுகிற அண்ணனோடு ஏணியும் கையுமாகத் திரிகிறான். "பயமா இருக்கு, நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். பையனைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். அந்த 6 லட்சத்தைப் பற்றிப் பயப்படுங்கள்.

11 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய ₹10,300 கட்ட வேண்டும். படிக்கும் 4 ஆண்டில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. கணக்கில் தடுமாறுகிற பையனுக்கு முதல் செமஸ்டரிலேயே மேட்ரிசஸும் கால்குலஸும் காத்திருக்கும். அரியர் விழுந்தால் பட்டம்தான் தள்ளிப்போகும், தவணை தானாகத் தள்ளிப்போகாது. கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடலாம்.

பாலிடெக்னிக், பி.சி.ஏ., போட்டித் தேர்வு எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விடுகிறேன். உயரத்தில் நின்று கையால் வேலை செய்யப் பிடித்த பையனுக்கு, யாரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது: ஆளைப் பாஸ்கெட்டில் நிறுத்தி உயரத்துக்குத் தூக்கும் வண்டிகளின் ஆபரேட்டர் வேலை. கத்தரி போல மடிந்து நேராக மேலே ஏறுவது சிசர் லிஃப்ட், நீண்ட கையை நீட்டித் தூக்குவது பூம் லிஃப்ட். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடங்குகளில் கூரைக்கடியில் விளக்கும் தீயணைப்புக் குழாயும் மாட்டுகிறார்கள். ஓ.எம்.ஆர். கட்டடங்களில் கண்ணாடி பொருத்துகிறார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மைய அரங்குகளில் ஒரே இரவில் விளக்கு கட்டி இறக்குகிறார்கள். இந்த இடங்களிலெல்லாம் சாரம் கட்ட நேரம் இல்லை, லிஃப்ட்தான் வரும்.

"பட்டனை அமுக்கினால் மேலே போகும், இதற்கு ஒரு படிப்பா?" என்று பெரியப்பா கேட்பார். அவருக்கான பதில் கொஞ்சம் நீளம்.

காலையில் சாவி போடுவதற்கு முன் ஆபரேட்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். டயரில் வெட்டு, தளர்ந்த வீல் நட், பேட்டரி தண்ணீர், தானாக மூடிக்கொள்ளாத பாஸ்கெட் கேட், ஹைட்ராலிக் ஹோஸில் ஈரம் எல்லாம் பார்க்க வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசித் துளை வழியாக அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு கீழே உள்ள கன்ட்ரோலில் ஏற்றி இறக்கி, எமர்ஜென்சி ஸ்டாப்பும் எமர்ஜென்சி லோயரிங்கும் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகே பாஸ்கெட்டில் ஏறி அங்குள்ள ஜாய்ஸ்டிக், கால் சுவிட்ச், ஹார்ன், பிரேக்கைப் பார்க்க வேண்டும். மேலே கன்ட்ரோல் செத்துப்போனால் இறக்கிவிட வேண்டியவன் கீழே நிற்பவன்தான். அதனால்தான் கீழ் கன்ட்ரோல் முதலில். அதை இயக்கத் தெரிந்த ஒருவர் கீழே இல்லாமல் மேலே போவது தற்கொலைக்குச் சமம்.

அடுத்து தரை. 60 அடி பூம் லிஃப்ட் ஏறக்குறைய 10 டன் எடை. கை நீட்டித் திரும்பும்போது அதில் பாதி ஒரே சக்கரத்தில் இறங்கலாம். சென்னையில் இது சாதாரண விஷயமா? மழைநீர் வடிகால் மூடி, நேற்று தோண்டி இன்று மண் போட்டு மூடிய கேபிள் பள்ளம், அடியில் பார்க்கிங் இருக்கிற தளம், எல்லாமே மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலத்தான் தெரியும். பூம் நீட்டியிருக்கும்போது சக்கரம் 4 அங்குலப் பள்ளத்தில் இறங்கினாலும், நுனியில் இருக்கும் பாஸ்கெட் கவண்கல் மாதிரி ஆளை வெளியே எறியும்.

பெல்ட் எதற்கு என்பதும் இங்கே விளங்கும். பூம் லிஃப்ட்டில் முழு உடல் ஹார்னஸ், அதோடு ஆளை பாஸ்கெட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கும் அளவுக்குச் சுருக்கிய குட்டைக் கயிறு, கொக்கி பாஸ்கெட்டில் அதற்கென்றே உள்ள வளையத்தில். கட்டடத்து பீமில் கொக்கியை மாட்டுகிறவர்களும் உண்டு. வண்டி நகர்ந்தால் ஆள் இரண்டுக்கும் நடுவில் இழுபடுவான். கைப்பிடிக் கம்பி மேல் ஏறி நிற்பவனுக்கு எந்த பெல்ட்டும் உதவாது.

பாஸ்கெட்டின் எடை வரம்புப் பலகையில் 230 கிலோ என்று போட்டிருந்தால், தலா 80 கிலோவில் இரண்டு ஆள் போக மிச்சம் 70 கிலோதான். ஒரு கட்டு பைப்பை ஏற்றினால் தீர்ந்தது. வெளியே ஓட்டும் வண்டிகளுக்குக் காற்று வரம்பு பொதுவாக விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். உள்ளரங்குக்கு மட்டும் செய்த சிசர் லிஃப்ட்டை வெளியே கொண்டுவரவே கூடாது. மதியம் கடற்காற்று எழும் நேரத்தில் எண்ணூர் பக்கமோ ஈ.சி.ஆரிலோ பாஸ்கெட்டில் பெரிய ஷீட்டைப் பிடித்து நின்றால், அது பாய்மரம் ஆகிவிடும். வண்டியைக் கவிழ்க்க, வரம்புக்குக் கீழே வீசும் காற்றே போதும்.

ஈ.பி. லைன் விஷயத்தில் பேரம் கிடையாது. இந்த வண்டிகள் மின்சாரத்துக்குக் காப்பு இல்லாதவை. 50 கிலோவோல்ட் வரையிலான லைனிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கையேடுகளே சொல்கின்றன. கையில் இருக்கும் பைப்பின் நீளமும் அந்தக் கணக்கில் சேரும்.

பீமுக்கடியில் பின்னோக்கி ஓட்டும்போது நடப்பது இன்னொரு கொடுமை. முதுகு பீமில் இடித்து, நெஞ்சு கன்ட்ரோல் பலகையில் அழுந்தும். அழுந்திய உடம்பே ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டிருப்பதால் வண்டி நிற்காது. போகிற திசையைப் பார்த்து, மெதுவாக, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே நகர்த்தும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

இனி வழி. உங்கள் பையனுக்கு 17 வயது. 18 ஆகாமல் இந்த வண்டியில் ஏறக் கூடாது. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், 2 ஆண்டு. படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் ₹750 உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ₹1,000 தனியாக. எலக்ட்ரீஷியன் எதற்கு என்றால், லிஃப்ட் ஓட்ட மட்டும் தெரிந்தவன் கீழே வந்தால் வேலை முடிந்தது. மேலே போய் கேபிள் ட்ரேயும் விளக்கும் தானே மாட்டத் தெரிந்தவனைக் கான்ட்ராக்டர் விடமாட்டார்.

அதற்குப் பிறகு, ஐபாஃப் (IPAF) என்ற சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி. சிசர் லிஃப்ட்டுக்கு 3ஏ பிரிவு, ஓட்டிச்செல்லும் பூம் லிஃப்ட்டுக்கு 3பி பிரிவு. எழுத்துத் தேர்வு, வண்டியில் செய்முறைத் தேர்வு இரண்டும் தேறினால் பால் (PAL) கார்டு என்ற ஆபரேட்டர் அட்டை. 5 ஆண்டு செல்லும். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தால் இந்த அட்டை கைகொடுக்கும். ஒன்றிரண்டு நாள் பயிற்சிதான். அதனால்தான் தரகர்களும் நுழைகிறார்கள். வண்டியில் ஏற்றாமலே அட்டை தருகிறேன் என்பவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மையத்தின் பெயர் ஐபாஃப் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

சம்பளத்தை என்னிடம் கேட்காதீர்கள். லிஃப்ட் வாடகைக்கு விடும் மூன்று நிறுவனங்களில் நேரில் போய்க் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். "மாசம் இவ்வளவு" என்று மொத்தமாகச் சொன்னால் ஓவர்டைமைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஐ.டி.ஐ. விண்ணப்பம் போடும் முன் ஒரே ஒரு வேலை. அரசு மருத்துவமனையில் பார்வை, காது, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். வலிப்போ தலைசுற்றலோ எப்போதாவது வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் எலக்ட்ரீஷியன் படிப்பு படிக்கட்டும், லிஃப்ட்டை மறந்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால், ஏறுவதற்கு அவனுக்கே ஆசை இருக்கிறதா என்று பெரியப்பா இல்லாத நேரத்தில் அவனிடமே கேளுங்கள். அவன் சொல்கிற பதில்தான் முடிவு.