கல்லைக் கழுவாதீர்கள்

அன்புள்ள ஐயா,

மலையோடை மீன்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பாறையில் ஒட்டி மேயும் ரெட்டிகுலேட்டட் ஹில்ஸ்ட்ரீம் லோச் மீன் ஐந்து வாங்கினேன். மூன்றடித் தொட்டி, கேனிஸ்டர் ஃபில்டர், ஹீட்டரில் 26 டிகிரி. கூடவே ரோசி பார்ப் ஆறு இருக்கின்றன. வாரம் தவறாமல் கற்களை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி வைக்கிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஒன்றையொன்று துரத்துகின்றன. ஆனால் ஒரு குஞ்சுகூட இல்லை. என்ன குறை? வால்பாறைப் பக்கம் ஓர் ஓடையில் இதே போலப் பாறையில் ஒட்டும் மீனைப் பார்த்தேன். அதைப் பிடித்து வந்தால் நம் ஊர்த் தண்ணீரில் எளிதாகப் பெருகுமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தொட்டியில் முட்டையே விழவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஆணும் பெண்ணும் கலந்து இருந்தால், ஒன்றரை வருடம் நோயில்லாமல் இருக்கும் மீன்கள் ஒரு முறையாவது முட்டையிட்டிருக்கும். விழுந்ததை ரோசி பார்ப் தின்றிருக்கும். தப்பிப் பொரித்ததைக் கேனிஸ்டர் இழுத்திருக்கும். அதற்கும் தப்பிய குஞ்சுக்கு, நீங்கள் கழுவி வைத்த கல்லில் தின்ன ஒன்றும் இருந்திருக்காது.

இதில் கடைசியைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பச்சைப் பாசி, டயாட்டம் என்கிற பழுப்பு நிற நுண்பாசி, பாக்டீரியா, அவற்றுக்குள் நெளியும் சிற்றுயிர்கள் எல்லாம் சேர்ந்து கல்லின் மேல் ஒரு வழுவழுப்பான படலமாகப் படியும். இந்த மீன் மேய்வது அதைத்தான். வளர்ந்த மீனுக்கு ஸ்பைருலினா என்கிற பாசியில் செய்த வில்லை, உறைந்த இரத்தப்புழு என்று எதையாவது கொடுத்துச் சமாளிக்கலாம். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சு அப்படி உணவைத் தேடி வெளியே வராது. கல்லிடுக்கில் ஒட்டியபடி வாய்க்கு எட்டுவதை மட்டும் மேயும். அந்த இடத்தில் படலம் இல்லையென்றால் பட்டினிதான். நமக்கு அழுக்காகத் தெரிகிற கல், அதற்கு முதல் சில வாரங்களின் முழுச் சாப்பாடு. அதனால் தயவுசெய்து இனி கற்களைத் தேய்க்காதீர்கள். பார்ப்பதற்காக முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், மற்ற மூன்று பக்கமும் பச்சை பிடிக்கட்டும்.

படலத்தைத் தனியாக வளர்க்கவும் முடியும். உருண்டையான ஆற்றுக்கற்களை ஒரு டப்பில் போட்டு, தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரை ஊற்றி, மொட்டை மாடியில் வெயில் படும்படி வையுங்கள். கொசு முட்டையிடாதபடி வலை போட்டு மூடுவது முக்கியம். ஓரிரு வாரத்தில் கல் பச்சையாகும். அதைத் தொட்டியில் வைத்து, மேய்ந்து வெளுத்த கல்லை டப்புக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் அந்தக் கல்லைத் தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலசிவிடுங்கள், குஞ்சு ஒட்டியிருக்கலாம்.

அப்புறம் முட்டைக்கு ஓர் இடம் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று ஒட்டியபடி நீரில் மேலே எழும்பி முட்டை விடுவதைப் பார்த்தவர்கள் உண்டு. அவை முட்டையைக் காவல் காப்பதில்லை. விழுந்த முட்டை கற்களின் இடுக்குக்குள் போனால்தான் பிழைக்கும். நெல்லிக்காய் அளவுக் கூழாங்கற்களை ஒரு மூலையில் இரண்டு மூன்று அடுக்காகக் குவித்துவிட்டு, அந்த மூலையைக் கிளறாமல் விட்டுவிடுங்கள். கேனிஸ்டரின் உறிஞ்சுகுழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். பல பேர் தங்கள் தொட்டியின் முதல் குஞ்சைக் கண்டது ஃபில்டரைத் திறந்தபோதுதான். ரோசி பார்ப் நல்ல மீன், ஆனால் முட்டையை விடாது. அதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள். கோவையில் அது தேவையே இல்லை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் தண்ணீரில் பிறந்த மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. 20 முதல் 24 டிகிரி வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மேல்மூடியைத் திறந்து சின்ன ஃபேன் வைத்தால் ஓரளவு குறையும். உங்கள் தொட்டி ஏறக்குறைய 120 லிட்டர் இருக்கும். மணிக்கு 1500 லிட்டராவது தள்ளும் பவர் ஹெட் (நீருக்குள் வைக்கும் சிறு பம்ப்) ஒன்றை ஒரு பக்கச் சுவரில் வைத்து, நீரோட்டம் ஒரே திசையில் போகும்படி செய்யுங்கள். கூழாங்கல் மூலை மட்டும் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும்.

உங்கள் மீனின் சொந்த ஊர் மத்திய வியட்நாம், குவாங் நாம் பக்கத்து மலையோடைகள். அங்கே பெருமழை செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. நம் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அதே காலம்தான். அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை, குளோரின் போக்கி, இரண்டு டிகிரி குளிர்ச்சியாக மாற்றிப் பாருங்கள். மழை வந்த மாதிரி இருக்கும், முட்டையிடத் தூண்டும்.

துரத்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இடத்துக்காகவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூடப் பார்க்கும், அதில் காயம் வராது. மேலிருந்து தலையைப் பாருங்கள். ஆணுக்கு மூக்கிலிருந்து வரும் கோடு முன்துடுப்பைத் தொடும் இடத்தில் தோள் போல வெட்டி நிற்கும். பெண்ணுக்கு அது வளைந்து வழுக்கிச் சேரும், உடலும் அகலம். எல்லாம் ஒரே இனமா என்பதையும் பார்க்க வேண்டும். கடைகளில் சீனாவின் போஃபோர்ட்டியாவையும் போர்னியோவின் காஸ்ட்ரோமைசானையும் இதோடு கலந்து ஒரே பெயரில் விற்கிறார்கள். உங்களுடையது உண்மையான ரெட்டிகுலேட்டட் லோச், அதாவது அறிவியல் பெயரில் செவெல்லியா லினியோலேட்டா என்றால் உடல் முழுக்க வலை போன்ற கோடுகள் இருக்கும்.

வால்பாறையில் நீங்கள் பார்த்தது பவானியா ஆஸ்ட்ராலிஸாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய மீன். உங்கள் பவானி ஆற்றின் பெயரால் அந்தப் பேரினத்தை 1920இல் அமைத்தவர் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சுந்தர் லால் ஹோரா. செவெல்லியா என்ற பேரினத்தை 1932இல் அமைத்தவரும் அவரேதான். அந்த வால்பாறை மீனைப் பிடிக்காதீர்கள். சுற்றியிருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம், அதற்குள் அனுமதியின்றி எந்த உயிரை எடுத்தாலும் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் 'மிஸ் கேரளா' மீனைத் தொட்டி வியாபாரத்துக்காக அள்ளி அள்ளித்தான் அது அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போனது. ஓடை மீனுக்கு ஓடிப்போக வேறு ஓடை கிடையாது.

செவெல்லியாவும் பெரும்பாலும் வியட்நாமில் ஓடையிலிருந்து பிடிக்கப்பட்டுத்தான் வருகிறது. அதனால் உங்கள் தொட்டியில் குஞ்சு வருவதை நான் பெரிதாக நினைக்கிறேன். வந்தால் கோவையிலேயே வளர்க்கிறவர்களுக்குக் கொடுங்கள். இப்போதைக்கு ஐந்து மீன்களையும் மேலிருந்து படமெடுத்து அனுப்புங்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.