வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்களோடு ஆன்லைனில் சேர்ந்து பாட்டுக் கேட்பது எப்படி?

வீடியோ காலில் ஒருவர் பாட்டைப் போட்டால் மற்றவர்களுக்கு நன்றாகக் கேட்குமா, வேறு நல்ல வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும். ஆனால் அது நீங்கள் போட்ட பாட்டாக இருக்காது.

நாங்கள் ஆறு பேர், ஆளுக்கொரு ஊர். மாதம் ஒருமுறை ஒரு முழு ஆல்பத்தைச் சேர்ந்து கேட்கிறோம். முதல் தடவை என் லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டு மைக் வழியாகவே அனுப்பினேன். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் புல்லாங்குழல் ஒரே சுரத்தில் நீண்ட நேரம் நிற்கும். எனக்கு அந்தப் பாட்டே அந்த இடத்துக்காகத்தான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன், "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டான். அவன் பக்கம் ஒன்றுமே போய்ச் சேரவில்லை. இந்த ஆப்கள் பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடும். அதற்குப் புல்லாங்குழலும் ஒன்றுதான், மின்விசிறிச் சத்தமும் ஒன்றுதான்.

வீடியோ காலில்தான் போட வேண்டும் என்றால், ஜூமில் திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிரும் பெட்டியை டிக் செய்யுங்கள். அப்போது ஒலி மைக் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் கணினியிலிருந்து நேராகப் போகும். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசிப் பாட்டின் நடுவில் அறுந்தால் மனசு விட்டுப்போகும்.

என்னைக் கேட்டால், பாட்டை யாருக்கும் அனுப்பவே வேண்டாம். அவரவர் போனிலோ லேப்டாப்பிலோ அவரவர் போட்டுக்கொள்ளட்டும், நேரம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். 2020 ஊரடங்கில் இங்கிலாந்தின் சார்லடன்ஸ் இசைக்குழுவின் பாடகர் டிம் பர்ஜெஸ் ட்விட்டரில் செய்தது இதைத்தான். குறித்த நேரத்தில் எல்லோரும் தங்கள் இடத்தில் ஒரே ஆல்பத்தை ஓடவிடுவார்கள். அதை உருவாக்கிய இசைக்கலைஞர்களே ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் எழுதிக்கொண்டு வருவார்கள். தனி ஆப் எதுவும் தேவைப்படவில்லை.

ஸ்பாட்டிஃபையில் பலர் சேர்ந்து ஒரே பாட்டைக் கேட்பதற்கென்று 2023இல் வந்த ஜாம் வசதி இந்த ஒத்திசைவைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் வேறு வேறு இடங்களிலிருந்து சேர எல்லோரிடமும் பிரீமியம் என்ற கட்டணக் கணக்கு வேண்டும். எங்களில் இரண்டு பேரிடம் இல்லை. அவர்களை விட்டுவிட்டுக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் கடிகாரத்தையே நம்புகிறோம். போன் கடிகாரங்கள் பெரும்பாலும் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுப்பதால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். 9:05 ஆனதும் எல்லோரும் பிளே அழுத்துவோம். அரை விநாடி முன்பின் இருந்தாலும் ஹெட்ஃபோனில் கேட்பவருக்குத் தெரியாது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஒரே ஆல்பத்துக்குப் பல பதிப்புகள் இருக்கும், சிலவற்றில் கூடுதல் பாட்டுகள் சேர்த்திருப்பார்கள். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எத்தனை நிமிடம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே பதிப்பா இல்லையா என்று தெரிந்துவிடும். பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளையும், பாட்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். விளம்பரம் வரும் இலவசக் கணக்கில் கேட்பவர் பின்தங்கிவிடுவார். அவருக்காக ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நின்று, "சரி, அடுத்தது" என்று எழுதிவிட்டுத் தொடருங்கள்.

இவ்வளவும் ஏற்பாடுதான். கூட்டம் நன்றாக அமைவது, பாட்டு ஓடும்போது யாரும் பேசாமல் இருப்பதில்தான் இருக்கிறது. எங்கள் குழுவில் இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. எல்லோரும் மைக்கை மியூட் செய்துவிடுவோம், சொல்ல வேண்டியதைச் சாட்டில் மட்டும் எழுதுவோம். பேச ஆரம்பித்தால் பாட்டு பின்னணிச் சத்தமாகிவிடும். எழுதும்போது அப்படி ஆவதில்லை, காது பாட்டிலேயே இருக்கும். ஆல்பம் பாதியில் ஐந்து நிமிடம் நிறுத்தி, அப்போது வாய்விட்டுப் பேசுவோம். பழைய எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கம் 20 நிமிடத்தைச் சுற்றித்தான் ஓடும், அப்புறம் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளி காதுக்கு எவ்வளவு நல்லது என்பது எனக்கு இப்படிச் செய்த பிறகுதான் புரிந்தது.

ஆல்பத்தை ஒவ்வொரு மாதமும் ஒருவர் தேர்ந்தெடுப்பார். ஓட்டெடுப்பு வைத்தால் எல்லோருக்கும் ஏற்கெனவே பிடித்ததுதான் திரும்பத் திரும்ப வரும். தேர்ந்தெடுத்தவர் தொடங்கும் முன் இரண்டு நிமிடம், தனக்கு அது எப்படி அறிமுகமானது என்று சொல்லலாம். எந்த இடத்தில் என்ன வரும் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

போன மாதம் நான் தேர்ந்தெடுத்த ஆல்பம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். மூன்றாவது பாட்டில் ஒரு தோழி சாட்டில் "2:14" என்று மட்டும் எழுதினாள். வேறு ஒரு சொல்லும் இல்லை. இடைவேளையில் எல்லோரும் அந்த இடத்துக்கே திரும்பிப் போனோம். சரணத்தின் கடைசி வரிக்கு முன் பாடகி மூச்சை இழுக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. இத்தனை வருடமாகக் கேட்கும் பாட்டில் எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை. அதை இன்னும் மூன்று முறை போட்டுக் கேட்டோம்.