பட்டறைப் பதில்கள்: செயின் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1984 மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் வண்டி. கிளப்பியதும் என்ஜின் முன்பக்கம் கரகரவென்று சத்தம், இழுவையும் குறைந்துவிட்டது. டைமிங் செயின் தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். செயின் மட்டும் மாற்றினால் போதுமா? எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். சாவியை அணைத்து, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, டாப் கியரில் வண்டியை மெல்ல முன்னே தள்ளச் சொல்லுங்கள். பிறகு பின்னே. அப்போது என்ஜின் முன்பக்கமுள்ள கிராங்க் புல்லி திரும்பியும், மூடிக்குள் சுழலும் ரோட்டார் சற்று நேரம் அசையாமல் நின்றால், செயின் தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

கிராங்க்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது டைமிங் செயின். இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்ஷாஃப்ட்தான். ஆகவே செயின் நீண்டால் வால்வும் பிந்தும், பொறியும் பிந்தும். பலர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவைத்துச் சமாளிப்பார்கள். பொறி சரியாகிவிடும், வால்வு பிந்தியேதான் இருக்கும்.

செயின் மட்டும் போதாது. தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும். கிராங்க், கேம் இரண்டின் பல்சக்கரங்கள், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், முன் ஆயில் சீல், கேஸ்கெட், புல்லி நட்டின் லாக் வாஷர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். எப்படியும் ரேடியேட்டரைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு முறை யார் கழற்றுவது?

சென்னை வந்தால் புதுச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. பழைய செயினையும் சக்கரங்களையும் பையில் போட்டு எடுத்துவாருங்கள். கண்ணிகளை எண்ணி, ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா என்று பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. பழைய சக்கரத்தின் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாட்டும்போது இரண்டு சக்கரங்களிலும் குறித்திருக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நேர்கோட்டில் நிற்க வேண்டும். கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும். புதுச் சக்கரத்தின் கனம் மாறினால் அவற்றைக் கூட்டிக் குறைத்து, இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் வரும்படி ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். தொழில் பழகிய நாளில் இதைப் பார்க்காமல் மூடிவிட்டேன். செயின் கோணலாக ஓடி, நான்கே மாதத்தில் அதே சத்தம். வண்டிக்காரர் ஒரு வாத்தியார். திட்டவில்லை, பானெட்டைத் திறந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருக்கலாம்.

மூடுவதற்கு முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கேம் ஒரு சுற்று சுற்றிப் புள்ளிகள் மீண்டும் எதிரெதிரே வர வேண்டும். எல்லாம் முடிந்து, மேட்டில் ஏறும்போது என்ஜின் தட்டினால் புதுச் செயினைச் சந்தேகிக்காதீர்கள். பழைய தளர்வுக்காக யாரோ திருப்பிவைத்த டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது; செயின் இறுகிவிட்டதால் இப்போது பொறி முந்திவிடுகிறது.