ஆசாரியன் ஏன் விலகிப் போனான்?

அன்புள்ள ஐயா,

இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், வழியில் அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டும் ஆலயத்தில் பலி செலுத்தும் ஆசாரியன் விலகிப் போகிறான். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்பதால்தான் போனான், குற்றம் மோசேயின் சட்டத்தினுடையது என்று எங்கள் சபையில் ஒருவர் பேசினார். அந்தச் சட்டத்தைச் சொல்லும் லேவியராகமம் அவ்வளவு ஈரமில்லாததா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இந்த விளக்கத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆசாரியனைத் தப்பவிட்டுச் சட்டத்தைக் கூண்டில் ஏற்றும் இதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் கடுமையானதுதான். லேவியராகமம் 21-இன்படி, முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் வழிவந்த ஆசாரியர்கள் பிணத்தால் தீட்டுப்படக்கூடாது. தாய், தகப்பன், மகன், மகள், சகோதரன், மணமாகாத சகோதரி ஆகியோருக்காக மட்டும் தீட்டுப்படலாம். பிரதான ஆசாரியனுக்கு அதுவும் கிடையாது. பெற்ற தாயின் உடலருகேகூட அவன் போகமுடியாது. 10-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் கர்த்தரின் சந்நிதியில் எரிந்து மாள்கிறார்கள். உடல்களைத் தூக்கிச் செல்பவர்கள் ஆரோனின் சிற்றப்பன் மக்களான மீசவேலும் எல்சாபானும். தகப்பனான ஆரோன் துக்கத்துக்காகத் தன் உடையைக்கூடக் கிழிக்கக்கூடாது. ‘ஆரோன் பேசாதிருந்தான்’ என்கிறது வேதம். அந்த வரியைக் கடந்துபோக எனக்கு ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கிறது.

ஆனால் ‘தீட்டு’ என்றதும் நம் காதில் சாதியும் இழிவும் சேர்ந்தே விழுகின்றன. மோசேயின் சட்டத்துத் தீட்டு வேறு. பிணத்தை அடக்கம்பண்ணுவது கடமை. அந்தக் கடமையைச் செய்தவனுக்கு 7 நாள் தீட்டு. சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த நீரை 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் அவன்மேல் தெளிப்பார்கள். குளித்து, உடை துவைத்து, பொழுது சாய்ந்தால் தீர்ந்தது. அந்தச் சாம்பலை அள்ளியவனும் சாயங்காலம்வரை தீட்டுள்ளவனே. இவர்களில் யாரும் பாவம் செய்தவர்கள் அல்லர். சாவின் சுவடு பரிசுத்த ஸ்தலத்துக்குள் வரக்கூடாது என்பதே கவலை. (ஊனமுற்ற ஆசாரியன் பலிபீடத்தை நெருங்கக்கூடாது என்று அதே 21-ஆம் அதிகாரம் சொல்வது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவன் பரிசுத்த அப்பத்தை உண்ணலாம் என்பது போதுமான ஆறுதலாகத் தெரியவில்லை.)

இனி உவமை நடக்கும் எரிகோ சாலைக்கு வருவோம். அங்கே கிடந்தவன் ‘குற்றுயிராய்’ இருந்தான், பிணமாக அல்ல. ஆசாரியனும் அந்த வழியே ‘இறங்கி’ வந்தான் என்கிறது கிரேக்க மூலம். எருசலேமை, ஆலயத்தை, முதுகுக்குப் பின்னால் விட்டுத்தான் வருகிறான். அடுத்து வந்து அவனைப் போலவே விலகிப் போகும் லேவியனுக்கோ (ஆலயப் பணியாளன்) 21-ஆம் அதிகாரத்தின் தடையே இல்லை. அது ஆரோனின் குமாரருக்கு மட்டும் சொன்னது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் ஒரு விவாதம் இருக்கிறது. பிரதான ஆசாரியனும், பிணத்தை நெருங்குவதில்லை என்று விரதம் பூண்ட ஒரு நசரேயனும் சேர்ந்து நடக்கிறார்கள். வழியில் கேட்பாரற்ற பிணம் ஒன்று. யார் தீட்டுப்பட்டு அடக்கம் செய்வது? பிரதான ஆசாரியன் என்கிறார் ரபி எலியேசர்; நசரேயன் என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். அப்படியே விட்டுப் போகலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. செத்தவனுக்கே இப்படி. உயிருக்கு ஆபத்தோ என்ற ஐயம் எழுந்தாலே ஓய்வுநாளை மீறலாம் என்பதும் அதே மிஷ்னாதான்.

ஆசாரியன் ஏன் விலகினான் என்று உவமையைப் பதிந்த லூக்கா எழுதவில்லை. தீட்டு என்ற பேச்சே அந்த உவமையில் இல்லை. சபையில் பேசியவருக்கு, அந்தப் பிணத்தைப் பற்றிய விவாதம் வரும் மிஷ்னாவின் நாசீர் பகுதியில் 7-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.